காரணம் கேட்காத குடை

அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் யாருக்கும் பெயர் கிடையாது. அம்மா அப்பா வைத்த பெயர் கையெழுத்துப் போடுகிற இடத்தோடு சரி. மற்ற நேரமெல்லாம் அவரவர் பாடம்தான் அவரவர் பெயர். "கணக்கு வந்தாச்சா?" "வரலாறு டீ குடிக்கப் போயிருக்கு." "பிசிக்ஸுக்கு இன்னிக்கு மூடு சரியில்ல, பக்கத்துல போகாதீங்க." புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் முகம் கொஞ்சம் சுருங்கும். ஒரு பருவம் முடிவதற்குள் அவர்களும் கெமிஸ்ட்ரியாகவோ பி.டி.யாகவோ ஆகிப்போவார்கள்.

நம் கணக்கு டீச்சருக்கு அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. அவள் கணவர் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சண்டை முற்றுகிற சமயம் பார்த்து, "என்ன கணக்கு, இன்னிக்கு விடை சரியா வரல போலிருக்கே" என்பார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்த பிறகு எப்படிச் சண்டை போடுவது? அந்த மனுஷனுக்கு அது தெரியும்.

ஆசிரியர் அறை என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நீள மேசை, அதன் ஒரு கால் ஆடும். அந்தக் காலுக்கடியில் எந்தக் காலத்திலோ மடித்து வைத்த வினாத்தாள். திருத்தாத நோட்டுக்கட்டுகள் மேசைமேல் குவிந்து கிடக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலி வரலாற்று வாத்தியாருடையது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஆனால் தெரியாமல் அதில் உட்கார்ந்த புதியவர் யாரும் மறுநாள் உட்கார்ந்ததில்லை. யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். பேச்சை நிறுத்திவிட்டு ஆளாளுக்கு நோட்டுத் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள், அவ்வளவுதான். இந்த அறையில் சட்டங்கள் எல்லாம் அந்த வகையில்தான் சொல்லிக்கொடுக்கப்பட்டன.

அந்த அறைக்கென்று ஒரு வார்த்தையும் இருந்தது. குடை. பள்ளிக் கட்டடம் 'ப' வடிவத்தில் இருந்தது. ஒரு பக்கம் தலைமையாசிரியையின் அறை, எதிர்ப்பக்கம் வகுப்புகள். பெரிய மேடம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே எதிரே உள்ள வகுப்பு வாசல்கள் அத்தனையையும் பார்த்துவிடலாம். முதல் மணி அடித்ததும் அவர் கண் அந்த வாசல்களில்தான் ஓடும். எந்த வாசலில் ஆசிரியர் உருவம் தெரியவில்லையோ அங்கே பியூன் வந்து நிற்பார், அவர் பின்னாலேயே மெமோ வரும். அதனால் யாருக்காவது வரத் தாமதமானால், பக்கத்து வகுப்பு ஆசிரியர் இரண்டு வாசலுக்கும் நடுவில் வந்து நின்றுகொள்வார். ஒரு காது தன் வகுப்பில், ஒரு கண் அடுத்த வகுப்பில். கையில் சாக்பீஸ் கட்டாயம். தாமதமானவர் பின்பக்கப் படியேறி வந்து வகுப்புக்குள் நுழைந்ததும் இவர் ஒன்றும் நடக்காதது போலத் தன் வகுப்புக்குள் போய்விடுவார். இதற்குப் பெயர்தான் குடை பிடிப்பது. "நாளைக்குக் கொஞ்சம் குடை பிடிக்கிறீங்களா?" என்று கேட்டால் அந்த அறையில் இல்லை என்று சொன்ன ஆள் கிடையாது.

குடைக்கு ஒரே ஒரு சட்டம். ஏன் தாமதம் என்று கேட்கக் கூடாது. "குடை பிடிக்கிறவன் மழை எதுக்குப் பெய்யுதுன்னு கேப்பானா?" என்பார் வரலாற்று வாத்தியார்.

தப்பு என்பீர்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்கிற காரியமா இது என்பீர்கள். தப்புதான், யார் இல்லை என்றது? ஆனால் காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிற ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை ஊருக்கெல்லாம் சொல்லி, பாவம் என்று பேர் வாங்கி, அப்புறம்தான் வேலை பார்க்க வேண்டும் என்றால் பாதிப் பேர் வேலைக்கே வர மாட்டார்கள்.

கணக்கு டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையிலிருந்து தலையைக்கூட ஒழுங்காக வாராமல் ஓடிவந்தாள். வேலை போயிற்று என்றுதான் நினைத்தாள். வந்து பார்த்தால் அவள் வகுப்பு வாசலில் சாக்பீஸும் கையுமாக ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியாக, உயரமாக, சிரிக்காத முகம். இவளைப் பார்த்ததும் "சத்தம் போடறாங்க, உள்ள போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டாள். அவள்தான் பயாலஜி. அன்று ஆரம்பித்த சிநேகிதம் பக்கத்துப் பக்கத்து வகுப்பு, பக்கத்துப் பக்கத்து நாற்காலி என்று வளர்ந்தது. 'ங்க' போய் 'நீ' வந்தது. கணக்கின் மகன் பேச ஆரம்பித்தபோது பயாலஜியைத்தான் பெரியம்மா என்றான். பெரியம்மா வாங்கிக்கொடுத்த பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வீட்டு எறும்பையெல்லாம் படாத பாடு படுத்தினான்.

பயாலஜிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று அறையில் யாரும் கேட்டதில்லை. கணக்குக்குத் தெரியும். பயாலஜிக்கு ஒரு தம்பி. வளர்ந்த ஆள், மனசு மட்டும் குழந்தையாகவே நின்றுவிட்டது. தாய் தகப்பன் போன பிறகு அவனுக்கு அக்காதான் எல்லாம். காலையில் தானும் வேலைக்குப் போகிறோம் என்று அவனுக்கு நினைப்பு. இஸ்திரி போட்ட சட்டை வேண்டும், பொத்தானை அவனேதான் போட வேண்டும். அவசரப்படுத்தினால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதல் பொத்தானிலிருந்து மறுபடி ஆரம்பிப்பான். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து பகல் முழுக்க அவனோடு இருப்பார். அவருக்கும் தன் வீட்டு வேலை முடிந்தால்தான் வர முடியும். அந்த அம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்ட பிறகுதான் பயாலஜி கிளம்புவாள். ஆக, வாரத்தில் பாதி நாள் தாமதம். பாதி நாள் கணக்கு குடை பிடித்தாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது," என்று பயாலஜி சொல்லியிருந்தாள். "அவன் பைத்தியமும் இல்ல, நான் தியாகியும் இல்ல. என் தம்பி, நான் பார்த்துக்கறேன். எவளாவது வந்து 'அய்யோ பாவம்'னா எனக்கு உடம்பெல்லாம் எரியும்."

"நான் எதுக்குடி சொல்லப்போறேன்?" என்றாள் கணக்கு. அன்றைக்கு அவள் அதை மனசாரத்தான் சொன்னாள்.

இப்படியே போயிருந்தால் கதை எதற்கு? கணக்கைத் துணைத் தலைமையாசிரியை ஆக்கினார்கள். உத்தரவு வந்த அன்று அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். வரலாற்று வாத்தியார் எழுந்து நின்று, "அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில குடை பிடிப்பானாம். நம்ம கணக்கு பகல்லயே பிடிச்சுப் பழகினவங்க, அதனால பயமில்ல" என்றார். அறையே சிரித்தது. கணக்கும்தான் சிரித்தாள். ஆனால் மறுநாள் அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. ஆளாளுக்கு நோட்டுத் திருத்த ஆரம்பித்தார்கள். "வாங்க மேடம்" என்றார் பி.டி. வாத்தியார். நேற்று வரை அக்கா அக்கா என்று அவள் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்றவர்.

கணக்குக்குச் சுருக்கென்றது. பயாலஜி மட்டும்தான் மாறவில்லை. "ஏய் துணை, இந்தப் பக்கம் உட்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

பெரிய மேடத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படியிருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் போய் நிற்பது அவர்தான். கண்ணில் தண்ணீர் சட்டென்று வந்துவிடும். "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்பார். அந்த வார்த்தையைச் சும்மா சொல்ல மாட்டார், உண்மையாகவே நம்பினார். குடும்பத்துக்குள் ஒளிவுமறைவு எதற்கு என்பது அவர் கட்சி. அதனால் கணக்கைக் கூப்பிட்டு, "ஸ்டாஃப் ரூம்ல என்னம்மா பேசிக்கிறாங்க? தெரிஞ்சா உதவியா இருக்கும்" என்று கேட்பார். கணக்கு மழுப்பிக்கொண்டே வந்தாள்.

ஒருநாள் காலை முதல் மணி அடிக்கப்போகிற நேரம். கணக்கு ஒன்பதாம் வகுப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். "அம்மா, ஒரு நிமிஷம் வாங்க. புது பெஞ்சு வந்து இறங்குது, கூட இருந்து பார்த்துடலாம்" என்று பெரிய மேடம் கூப்பிட்டார். தட்ட முடியுமா? தன் வகுப்புக்கு பி.டி. வாத்தியாரை அனுப்பிவிட்டுப் பின்வாசலுக்குப் போனாள். பயாலஜி இன்னும் வந்திருக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பி.டி. பக்கத்தில்தானே இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று நினைத்தாள். பி.டி. வாத்தியாருக்கு அது தோன்றவே இல்லை. அந்த வாசலில் எப்போதும் கணக்குதான் நிற்பாள் என்று அவர் நினைத்தார். அந்தப் பக்கத்து வகுப்பு பிசிக்ஸும் அதையேதான் நினைத்தார். பழகிப்போன குடை, யார் கையில் இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

பிள்ளைகள் சும்மா இருக்குமா? டஸ்டரை வீசி விளையாடினார்கள். ஒரு பையன் பின்னால் சாய்ந்து பிடிக்கப் போய் அலமாரிக் கண்ணாடியில் கையை விட்டான். உள்ளங்கை கிழிந்து தரையெல்லாம் ரத்தம். பயாலஜி படியேறி வந்தபோது பி.டி. வாத்தியார் பையனைத் தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

நல்ல வேளை, தையலோடு போயிற்று. ஆனால் பையனின் அப்பா விடுவாரா? வகுப்பில் டீச்சர் எங்கே என்று பள்ளி அதிரக் கத்தினார். நிர்வாகத்துக்குப் போன் போனது. மறுநாள் பெரிய மேடம் அறையில் விசாரணை. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் பயாலஜியை வேலையை விட்டு எடுத்துவிடும்படி நிர்வாகம் சொல்லிவிட்டது என்று கணக்குக்கு முன்கூட்டியே தெரியும். துணை என்ற முறையில் சொல்லியிருந்தார்கள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அறைக்கு வெளியே பயாலஜி அவள் கையைப் பிடித்தாள். "நீ ஒண்ணும் பேசாத. லேட்டாயிடுச்சு, தப்பு என்னோடதுன்னு சொல்லிக்கறேன். நடக்கறது நடக்கட்டும்."

"வேலையை விட்டே எடுத்துடுவாங்கடி."

"எடுத்தா வேற ஸ்கூல் பார்த்துக்கறேன். எனக்கு வேலை தெரியும். நீ வாயைத் திறக்காத, அது போதும்."

உள்ளே பையனின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய மேடம் மெதுவாகத்தான் கேட்டார். "ஏன்மா லேட்?"

"லேட்டாயிடுச்சு மேடம். தப்புதான்."

"அது தெரியுது. காரணம்?"

"காரணம் ஒண்ணும் இல்ல மேடம்."

"காரணமில்லாம தினமும் லேட்டா வருவாங்களா?" என்று பாய்ந்தார் பையனின் அப்பா. "திமிருதானே? எம்பொண்டாட்டி ஆபீஸ் போறவ, பிள்ளையையும் பார்த்துட்டு நேரத்துக்குப் போறா. தனிக்கட்டைதானே நீங்க? உங்களுக்கு வீட்ல என்ன வேலை?"

பயாலஜியின் தாடை இறுகியது. பெரிய மேடம் பேனாவை எடுத்தார். கணக்குக்குப் பொறுக்கவில்லை. இவளைப் பார்த்தா திமிர் என்கிறான்? இவளையா? தான் அந்த வாசலில் நிற்காமல் போனதால் வந்த வினை இது என்பதும் உள்ளுக்குள் குத்திக்கொண்டிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அடுத்தவளைத் தன் வாயால் கெடுப்பதற்கு என்ன பழமொழியோ தெரியவில்லை.

"அவங்க தம்பிக்கு உடம்பு சரியில்ல சார்!" என்றாள் கணக்கு. அப்புறம் நிறுத்த முடியவில்லை. தம்பியின் வயசு, குழந்தை மனசு, பக்கத்து வீட்டு அம்மாள், இவள் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தது, பொத்தான் வரைக்கும் கொட்டிவிட்டாள். "நாங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் வாசல்ல நின்னு பார்த்துக்கறதுதான் மேடம் வழக்கம். நேத்து நான் நிக்கல. தப்பு என்னோடது" என்று குடையையும் சேர்த்தே போட்டு உடைத்தாள்.

பயாலஜி அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. அறிமுகமில்லாத ஆளைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

பெரிய மேடத்தின் கண் கலங்கிவிட்டது. பையனின் அப்பாவுக்கும் முகம் இறங்கிவிட்டது. "எனக்குத் தெரியாதும்மா, மன்னிச்சுக்கங்க" என்று கைகூப்பினார். வேலை தப்பியது. எச்சரிக்கைகூட இல்லை. வெளியே வந்ததும் கணக்கு ஓடிப்போய், "எனக்கு வேற வழி தெரியலடி" என்றாள். பயாலஜி, "மணி அடிச்சிடுச்சு, கிளாசுக்குப் போகணும்" என்று நடந்துவிட்டாள்.

இத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று சாயங்காலமே பெரிய மேடம் எல்லோரையும் கூட்டினார். "நம்ம குடும்பத்துல ஒருத்தங்க இவ்வளவு கஷ்டத்தைத் தனியா சுமந்திருக்காங்க. நமக்கெல்லாம் தெரியாமப் போச்சே" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். பயாலஜி இனிமேல் தாமதமாக வரலாம் என்று அனுமதி கொடுத்தார். அதே மூச்சில், இனிமேல் யாரும் யாருக்கும் வாசலில் நிற்க வேண்டாம், தாமதம் என்றால் தன்னிடம் காரணத்தைச் சொன்னால் போதும், தான் பார்த்துக்கொள்வேன் என்றும் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். அறையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. பிசிக்ஸ் ஜன்னலைப் பார்த்தார். கெமிஸ்ட்ரி கைக்குட்டையை மடித்தாள். தங்கள் தங்கள் காரணத்தைப் பெரிய மேடத்திடம் எப்படிச் சொல்வது என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது வரலாற்று வாத்தியார் கணக்கின் பக்கத்தில் வந்தார். "ஒரே கல்லுல ரெண்டு மாங்கா அடிச்சுட்டீங்க மேடம்," என்றார். "ரெண்டும் எங்க தலையிலதான் விழுந்துச்சு." வழக்கம்போலச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் எதற்காகத் தாமதமாக வருவார் என்பது கணக்குக்கு அன்று வரை தெரியாது. இன்று வரையும் தெரியாது.

அதற்கப்புறம் பயாலஜிக்கு அன்பு தாங்கவில்லை. "தம்பி சாப்பிட்டாரா?" "எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார், போய்ப் பாருங்க." "உங்கள மாதிரி யாரால முடியும்!" ஒருத்தி கேட்டாள், "பிறவியிலயே இப்படியா, இல்ல உங்க குடும்பத்துல வேற யாருக்காவது உண்டா?" பயாலஜி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். நாற்காலியை மட்டும் மேசையின் அந்தக் கோடிக்கு நகர்த்திக்கொண்டாள்.

பெரிய மேடத்துக்கு அதுவும் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். "வேணாம் மேடம், அவனுக்குப் புது ஆளுங்கன்னா பயம்" என்று பயாலஜி மன்றாடிப் பார்த்தாள். "நாம புது ஆளுங்களா?" என்று பெரிய மேடம் வருத்தப்பட்டுவிட்டார். கணக்கும் தனியாகப் போய்ச் சொன்னாள். "நீங்களே இப்படிச் சொல்லலாமா? நீங்கதானே அவங்களுக்கு நெருக்கம், முன்னால நீங்க போகணும்" என்று அவள் தலையிலேயே கட்டிவிட்டார்.

போனார்கள். சின்ன வீடு, கூடத்தில் இரண்டு நாற்காலி. பத்துப் பதினைந்து பேர் பழப்பையும் துணிப்பையுமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார்கள். தம்பி இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். முதல் ஆளைப் பார்த்துச் சிரித்தான். இரண்டாவது ஆளைப் பார்த்தும் சிரித்தான். ஆட்கள் வந்துகொண்டே இருந்ததும் சிரிப்பு போய்விட்டது. காதைப் பொத்திக்கொண்டான். பெரிய மேடம் அன்போடு அவன் தலையைத் தடவப் போனார். அவ்வளவுதான், கத்த ஆரம்பித்துவிட்டான். கையில் கிடைத்த செம்பைத் தூக்கி எறிந்தான். அது குறுக்கே தடுக்க வந்த பக்கத்து வீட்டு அம்மாளின் நெற்றியில் பட்டது. பயாலஜி எல்லோரையும் தள்ளிக்கொண்டு போய் அவனைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "போயிட்டாங்கடா, எல்லாரும் போயிட்டாங்க, பார், யாருமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்போதும் கூடம் நிறைய ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கணக்குதான் ஒவ்வொருவராகப் பிடித்து வெளியே தள்ளினாள். கடைசியில் தானும் வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

பக்கத்து வீட்டு அம்மாள் மறுநாள் வரவில்லை. "மன்னிச்சுக்கம்மா, எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு. வீட்ல வேணாங்கறாங்க" என்று சொல்லியனுப்பிவிட்டார். அந்த வாரம் முழுக்க பயாலஜி விடுப்பு.

அடுத்த வாரம் முதல் மணிக்கு நெடுநேரம் முன்பே அவள் வகுப்பில் இருந்தாள். கணக்கு வராந்தாவில் வந்தபோது பயாலஜி கரும்பலகையில் இதயத்தின் படத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் யாரும் வந்திருக்கவில்லை. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று கணக்குக்குத் தெரியவில்லை.

"சீக்கிரமா வந்துட்ட? வேற ஆள் கிடைச்சாங்களா?"

"இல்ல."

"அப்போ தம்பி?"

பயாலஜி சிவப்பு சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து முடித்தாள். "ஹோம்ல விட்டுட்டேன். ஊருக்கு வெளியில. நல்லாத்தான் வச்சிருக்காங்க." அம்புக்குறி போட்டாள். "வேலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு முன்னால முன்னால நடந்தான்."

கணக்கு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "என்னாலதான்டி," என்றாள். "நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா…"

"நீ நல்லதுன்னு நினைச்சுதான் செஞ்ச. எனக்குத் தெரியும்." குரலில் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். பயாலஜி கையைத் தட்டிவிட்டுக்கொண்டு வருகைப் பதிவை எடுத்தாள்.

வீட்டில் அன்று கணக்கு சாப்பிடவில்லை. கணவர் வழக்கமான வேடிக்கையை ஆரம்பித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் விட்டுவிட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போய் அவனைப் பார்த்துட்டு வா. அவனுக்கு உன்னைத் தெரியும்ல?" என்றார். தெரியும். கணக்கு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவன் கையை விரித்து ஒன்று இரண்டு மூன்று எண்ணிக் காட்டுவான், தப்பில்லாமல் எண்ணினால் அவள் கைதட்ட வேண்டும். பயாலஜியிடம் சொல்லாமல் போவதா என்று ஒரு யோசனை இருந்தது. சொன்னால் வேண்டாம் என்பாள் என்ற பயமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனாள்.

உயரமான இரும்புக் கேட். உள்ளே மரங்கள், தாழ்வான ஓட்டுக் கட்டடம், துணி காயும் கொடி. காவல்காரர் எழுந்து வந்தார். அவள் தம்பியின் பெயரைச் சொன்னாள்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்மா?"

வாய் வரைக்கும் ஏதேதோ வந்தது. "அவங்க அக்கா கூட வேலை பார்க்கறேன்," என்றாள்.

"சொந்தமில்லையா?"

"இல்ல."

"அப்போ அவங்க அக்காவை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கம்மா. போன் பண்ணிக் குடுத்தாகூடப் போதும், உடனே விட்டுடறேன்."

கணக்கு கேட்டுக்கு வெளியே நின்றபடியே போன் செய்தாள். இரண்டாவது மணியிலேயே பயாலஜி எடுத்தாள். கணக்கு விஷயத்தைச் சொன்னாள்.

"எதுக்குப் போன?" என்றாள் பயாலஜி.

இத்தனை வருஷத்தில் அவள் கணக்கை எதுக்கு என்று கேட்டதே இல்லை. "சும்மாதான்… ஒரு தடவை பார்த்துட்டு…"

"பார்த்துட்டுப் போய் யார்கிட்ட சொல்லப்போற?"

கணக்கின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, துடைக்கத் தோன்றவில்லை. "போனை அந்தக் காவல்காரர்கிட்ட குடு" என்றாள் பயாலஜி. கம்பி இடுக்கு வழியாகக் கொடுத்தாள். அவர் கேட்டார், "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றார், போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னிக்கு வேணாம்னு சொல்றாங்கம்மா," என்றார். இவள் நிற்பதைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். தன் ஸ்டூலைக் கேட்டுப் பக்கம் காட்டி, "வெயிலா இருக்கு, பஸ் வர நேரமாகும். வேணும்னா இப்படி உட்காருங்க" என்றார்.

"பரவாயில்லைங்க, நான் நின்னுக்கறேன்" என்றாள் கணக்கு.